தவமணியின் பட்டை என் கையில்

நான் லாரி டிரைவர். லாரியில் கடைசியாக ஏறி ஏழு வருடம் ஆகிறது.

இப்படிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நாமக்கல்லில் யாரும் சிரிக்க மாட்டார்கள். இங்கே நாற்பது வயதைத் தாண்டிய டிரைவர்கள் பாதிப்பேர் இப்போது நாற்காலி டிரைவர்கள்தான். சேலம் ரோட்டில் ஒரு பெரிய ஹால். உள்ளே ஏசி. அறுபது நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் மூன்று திரைகள், ஒரு ஸ்டியரிங். லாரிகள் தாமாகவே ஓடிக்கொண்டிருக்கும். நாக்பூர் தாண்டி ஒன்று, விஜயவாடா பக்கம் ஒன்று, அஸ்ஸாமில் ஏதோ ஒரு மலைமேல் ஒன்று. ரோட்டில் மாடு படுத்திருந்தாலோ, போலீஸ்காரர் கை காட்டினாலோ லாரிக்குக் குழப்பம் வந்துவிடும். அப்போது நாங்கள் இங்கிருந்தே ஸ்டியரிங்கைப் பிடித்து, அந்த இடத்தைத் தாண்டிவிட்டு, மறுபடி கையை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கத் தெரிந்தால் போதும்.

எனக்கு அது கடவுளாகப் பார்த்துக் கொடுத்த நாற்காலி. இருபது வருடம் ராஜஸ்தான் வரைக்கும் ஓட்டியவன் நான். கிளச்சை மிதித்து மிதித்து இடது முட்டி தேய்ந்துபோய்விட்டது. கொஞ்ச தூரம் நடந்தாலே உள்ளே எலும்பும் எலும்பும் உரசும். இந்த முட்டியோடு வேறு எந்த வேலைக்குப் போனாலும் பத்து நாள் தாங்க மாட்டேன். நாற்காலி போனால் நான் வீட்டில் கிடக்கிற பாத்திரத்தோடு பாத்திரம்தான்.

முதல் இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு நாள் மதியம், எனக்கு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவர் அப்படியே ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அந்த நேரம் அவர் கையில் ஒரு லாரி இருந்தது. அது எங்கேயோ ஒரு ஊரில் டீக்கடைக்குள் புகுந்துவிட்டது. உட்கார்ந்தே இருப்பதால்தான் டிரைவர்களின் நெஞ்சு கெட்டுப்போகிறது என்று யாரோ எழுதிக் கொடுத்தார்கள். மறுமாதமே எங்கள் எல்லோர் கையிலும் பட்டை ஏறிவிட்டது.

கம்பெனி அதற்கு நலப்பட்டை என்று பெயர் வைத்திருந்தது. நாங்கள் வெறும் பட்டை என்போம். கறுப்பு ரப்பர். நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு திரை. எத்தனை அடி எடுத்து வைத்தோம், எப்போது தூங்கினோம், நெஞ்சு எப்படித் துடிக்கிறது, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருக்கும். உள்ளேயே சிம் இருக்கிறது. நெஞ்சு மோசமாக நின்று நின்று துடித்தால் அதுவாகவே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடும். தினமும் எட்டாயிரம் அடி நடக்க வேண்டும் என்பது கட்டளை. ஒரு வாரம் குறைந்தால் எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கை வந்தால் நாற்காலியிலிருந்து இறங்கிவிட வேண்டும். டிரைவரின் சம்சாரத்துக்கும் ஒரு பட்டை இலவசம். அவர்களுக்குக் கட்டளை எதுவும் கிடையாது, சும்மா அவர்கள் நன்மைக்காக.

யூனியன்காரர்கள் சண்டை போட்டு ஒரு சலுகை வாங்கிக் கொடுத்தார்கள். யார் எங்கே போகிறார்கள், எந்த நேரத்தில் நடக்கிறார்கள் என்பதெல்லாம் கம்பெனிக்குத் தெரியக்கூடாது. ஒரு நாளின் மொத்தக் கணக்கு மட்டும் போனால் போதும். அன்றைக்கு நாங்கள் பட்டாசு வெடித்தோம். அந்தச் சலுகைதான் பின்னால் எங்களுக்கு வினையானது.

ஊர் சும்மா இருக்குமா? ஒருவர் பட்டையை ஃபேனில் கட்டிச் சுற்ற விட்டார். நாடித் துடிப்பு இல்லை என்று பட்டை கண்டுபிடித்துவிட்டது. இன்னொருவர் ஆட்டுக்குட்டியின் காலில் கட்டினார். இருபதாவது நிமிடம் ஆட்டுப்பட்டிக்கு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம்.

எனக்குச் சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. நடந்து பார்த்தேன். மூவாயிரம் அடியில் முட்டி வீங்கிவிடும். மருந்துக்கடைக்காரர் சொன்ன எண்ணெயெல்லாம் தேய்த்துப் பார்த்தேன். இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. முட்டி சரியில்லை என்று சொல்லலாம்தான். சொன்னால், உடம்பு தகுதியில்லை என்று அதற்கும் நாற்காலிதான் போகும்.

என் சம்சாரம் தவமணி ஒரு கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெரிய பண்ணைகளில் அதையெல்லாம் மிஷின் செய்கிறது. இவள் போவது பழைய பண்ணை. தொண்ணூறு மீட்டர் நீளத்தில் ஆறு ஷெட்டுகள். ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் வரைக்கும் கூண்டு கூண்டாகக் கைவிட்டு, முட்டையை எடுத்து அட்டையில் அடுக்கி, சுமந்துவந்து வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு அவள் பதினைந்தாயிரம் அடி நடந்துகொண்டிருந்தாள். அது எந்தக் கட்டளைக்காகவும் இல்லை.

அன்றைக்குக் காலையில் நான் வாசல்படியில் உட்கார்ந்து முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் சோற்றுப்போசியோடு கிளம்பி வந்தவள், என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, அந்தப் பட்டைய இப்படிக் கழட்டிக் குடுங்க."

"எதுக்கு?"

"நான் எப்படியும் நடக்கத்தான போறேன். உங்களுக்குஞ் சேத்து நடந்துட்டு வந்தர்றேன். என்றத நீங்க போட்டுக்குங்க. உக்காந்துட்டே இருந்தாலும் அத யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"மாட்டிக்கிட்டா?"

"ரெண்டும் ஒரே கறுப்பு. எது யாருதுன்னு நமக்கே தெரியாது. எங்க, எந்நேரம் நடந்ததுன்னுதான் கம்பெனிக்குப் போகாதே."

அவள் என் கையைப் பிடித்துக் கொக்கியைக் கழற்றினாள். தன்னுடையதை என் கையில் மாட்டிவிட்டாள். கல்யாணத்தில்கூட அவள் என் கையை அப்படி அழுத்திப் பிடித்ததாக ஞாபகம் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது.

முதலில் தினமும் பொழுதோட, அவள் வேலை முடிந்து வந்ததும், மாற்றிக்கொண்டோம். பிறகு சோம்பல் வந்துவிட்டது. சனி ஞாயிறு மட்டும் என்று ஆனது. பிறகு அதுவும் இல்லை. அவள் நெஞ்சு என் பேரில் துடித்தது. என் நெஞ்சு அவள் பேரில் துடித்தது. கம்பெனி எனக்கு அந்த வருடம் நல்ல நடையாளர் என்று ஒரு கேடயம் கொடுத்தது. அதை வாங்க மேடை ஏறிய நாலு படிக்கே நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். தவமணி கீழே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பட்டை வெறும் தொல்லை மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன். என் பக்கத்து நாற்காலி மோகனவேல். ஒரு நாள் டீக்கடையில் பேசிக்கொண்டே இருந்தவன், கிளாஸைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். நாங்கள் தண்ணீர் தெளிக்கலாமா, முதுகைத் தேய்க்கலாமா என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போதே சைரன் கேட்டது. ஒன்பது நிமிடம். யாரும் கூப்பிடவில்லை. பட்டை கூப்பிட்டிருந்தது. பதினைந்து நாளில் பயல் எழுந்து வந்து எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தான்.

"அர்த்தனாரி, இனி இத நான் கழட்டவே மாட்டேன்டா. குளிக்கறப்பக்கூட" என்றான், பட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஆம்புலன்ஸை ஃபோன் போட்டுக் கூப்பிடும் பழக்கமே விட்டுப்போயிற்று. யார் விழுந்தாலும் முதலில் கையைப் பார்ப்பார்கள். பட்டை இருந்தால், வந்துவிடும் என்று காத்திருப்பார்கள்.

போன ஐப்பசியில் என் ஃபோனுக்கு ஒரு செய்தி வந்தது. அர்த்தனாரி, உங்கள் இதயத்துடிப்பு தவறித் தவறி வருகிறது, இரண்டு நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள், அதுவரை நாற்காலியில் உட்காரக்கூடாது. நாற்காலி டிரைவர்களின் வருடாந்திரப் பரிசோதனைக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது. அதில் தேறினால்தான் நாற்காலி இன்னொரு வருடத்துக்கு. அதற்குள் இப்படி ஒன்று.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சில் கோளாறு என்றுதான் முதலில் பயந்தேன். பயம் அப்படித்தான் வேலை செய்கிறது. தவமணியிடமிருந்து என் பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு கம்பெனி கிளினிக்குக்கு ஓடினேன். நொண்டிக்கொண்டே ஓடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் அபிநயா சின்ன வயசுப் பெண். பொறுமைசாலி. ஈசிஜி எடுத்தார். ஜெல் தடவி ஸ்கேன் பார்த்தார். கடைசியில் தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார்.

"சார், உங்க ஹார்ட் அருமையா இருக்கு."

"அப்புறம் எதுக்குங்க அது கத்துது?"

"அதான் புரியல. பாருங்க, மூணு மாசமா எழுதியிருக்கு. நடக்கும்போது துடிப்பு எகிறுது, நடுவுல ஒண்ணு ரெண்டு விட்டுப்போகுது. இந்த மாசம் அது அதிகமாயிருக்கு. இப்படி ஒருத்தருக்கு இருந்தா நான் இன்னிக்கே கோயம்புத்தூருக்கு அனுப்பிடுவேன்." கண்ணை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "இந்தப் பட்டைய வேற யாராவது போடறாங்களா?"

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. அது வரைக்கும் உறைக்கவில்லை. ஷெட்டிலிருந்து வந்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது, குடம் தூக்கும்போது பாதியில் இறக்கி வைப்பது, ஒரு மாதமாக ரெண்டு தலையணை வைத்துப் படுப்பது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது.

"இல்லீங்களே" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பதில்! எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்ப பட்டைதான் தப்பா எழுதுது. ரெண்டு வழி இருக்கு சார். ஒண்ணு, ரெண்டு நாள் இங்கயே இருங்க. எங்க கண்ணு முன்னாடி எட்டாயிரம் அடி நடங்க. பட்டைய உங்களுக்குப் பழக்கிடறோம்."

"இன்னொண்ணுங்க?"

"இந்த மாதிரித் துடிப்பு உங்க இயல்புன்னு நான் குறிச்சிடறேன். அப்புறம் இதுக்காக அது கத்தாது, ஆம்புலன்ஸையும் கூப்பிடாது. உங்களுக்கு ஹார்ட் நல்லா இருக்கிறதால இதுல ஆபத்து இல்ல."

ரெண்டு நாள் அவர்கள் கண் முன்னால் எட்டாயிரம் அடி. என் முட்டி எனக்குத் தெரியும்.

"குறிச்சே விட்ருங்க டாக்டர்" என்றேன்.

அவர் எதையோ தட்டினார். பட்டை ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. நாலு வருடமாகத் தவமணியின் நெஞ்சுக்குக் காவல் இருந்த ஒன்றின் வாயை நான் என் கையாலேயே மூடிவிட்டு வந்தேன். வேறு எப்படிச் சொல்ல? அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். மறைக்கவில்லை. அந்த ஒரு புண்ணியம் எனக்கு உண்டு. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"என்ற நெஞ்சு உங்க பேர்ல டாக்டரப் பாத்துட்டு வந்துருச்சா?"

"சிரிக்காத புள்ள. கோயம்புத்தூர் போற அளவுக்கு இருக்குதுன்னு சொல்றாங்க."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. சித்த மூச்சு வாங்குது, அவ்வளவுதான்."

"கம்பெனில சொல்லிரலாம். நாற்காலி போனாப் போகுது."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "போனா? ஊட்ல உக்காந்து என்ன பண்ணுவீங்க? பட்டைய மாத்துனது தெரிஞ்சா வெறுமனே எறக்கி உட மாட்டாங்க, பேப்பர்ல போட்டு மானத்த வாங்கிப்போடுவாங்க. அந்தப் பரிசோதன முடியட்டும். பத்தொம்பது நாள்தான? அப்புறமேட்டுக்கு அவங்கவங்க பட்டைய அவங்கவங்க போட்டுக்கலாம். நான் வேணா இங்கயே ஒரு டாக்டரப் பாக்கறேன்."

அவள்தான் அப்படிச் சொன்னாள் என்பது உண்மை. அவள் அப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்ததும் உண்மை.

மூன்றாம் நாள் ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்போதெல்லாம் எந்த டாக்டரும் முதலில் ஆளைப் பார்ப்பதில்லை. பட்டையின் எண்ணைத் தட்டினால் ஒரு வருடத்து உடம்பு திரையில் வந்துவிடுகிறது. கண்ணாடி போட்ட அந்த டாக்டர் தவமணியின் பேரில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே பேசினார். அது என் உடம்பு.

"என்ன பண்ணுதுமா?"

"மூச்சு வாங்குதுங்க. நெஞ்சுக்குள்ள படபடன்னு வருது."

"ம். உங்க நெஞ்சு நல்லா இருக்கே. ஒரு வருஷத்து ஈசிஜி இதுலயே இருக்கு. ஒரு தப்பும் இல்ல." விரலால் திரையைத் தள்ளினார். "ஆனா நீங்க நடக்கறதே இல்லையேமா! ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் அடிகூட இல்ல. நாள் பூரா உக்காந்தே இருக்கீங்க. அப்புறம் மூச்சு வாங்காம என்ன செய்யும்?"

தவமணி என்னைப் பார்த்தாள். அவள் கால்கள் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் தெரிந்தது. உள்ளங்கையில் கூண்டுக் கம்பி கீறிய கோடுகள். இதில் ஒன்றைக்கூட அந்த டாக்டர் பார்க்கவில்லை.

"தனியா ஒரு ஈசிஜி எடுத்துப் பாக்க முடியுங்களா?" என்று கேட்டாள்.

"பட்டை எழுதுறதுக்கு மேல அந்த மிஷின் என்னமா சொல்லப்போகுது? வீணா எதுக்கு?"

நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு வாக்கியம். டாக்டர், அந்தப் பட்டை என் கையில் இருந்தது என்று சொன்னால் போதும். வாயைத் திறந்துகூடப் பார்த்தேன். டாக்டர் நிமிர்ந்து, "நீங்க எங்க சார் வேலை?" என்று கேட்டார். கம்பெனி பேரைச் சொன்னேன். "அட, உங்க டாக்டர் அபிநயா என்னோட ஜூனியர்" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் இதயத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதன் ஒரு பக்க மூடி உடைந்திருந்தது.

வெளியே வந்ததும் அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே மூச்சு வாங்கியது.

"என்னப் போயி நடக்கச் சொல்றாரே!"

நானும் சிரித்து வைத்தேன். அதை நினைக்கும்போது எனக்கு என் முகத்தையே பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நாட்களை எண்ண ஆரம்பித்தோம். வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். போகாவிட்டால் அடி எப்படி ஏறும் என்று கேட்டாள். நான் ஓய்வு எடு என்று வாயால் சொல்லிக்கொண்டே, பொழுதோட அவள் வந்ததும் முதலில் பார்த்தது அவள் கையில் இருந்த எண்ணைத்தான். எட்டாயிரம் தாண்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கும்.

பதினாலாம் நாள். காலை பதினொன்றேகால் இருக்கும். என் லாரி ஒன்று நாக்பூருக்கு முன்னால் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தேன். ஃபோனில் செய்தி வந்தது.

அர்த்தனாரி, உங்கள் பட்டை கழன்றிருக்கிறது. திரும்ப அணியவும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அழுக்கு முட்டை கழுவும் நாட்களில் அவள் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மறந்துபோவாள். ஏற்கெனவே ரெண்டு தடவை அப்படி நடந்திருக்கிறது. அன்றைய கணக்கைப் பார்த்தேன். நாலாயிரத்து முந்நூறு. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பிறகு குரல் செய்தி அனுப்பினேன்.

"ஏன் புள்ள, மறுபடியும் கழட்டிட்டியா? இன்னும் அஞ்சே நாளு. அதுவரைக்கும் கையில கெடந்தா என்ன, கொறஞ்சா போயிருவ? சட்டுனு எடுத்து மாட்டு."

இதுதான் நான் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஊர்வலம் விலகியது. லாரி தானாக ஓட ஆரம்பித்தது. பதினொன்றே முக்காலுக்குப் பண்ணை சூப்பர்வைசர் செல்வராணி கூப்பிட்டாள்.

"அண்ணா, அக்கா நாலாம் ஷெட்டுல உழுந்து கெடக்கறாங்ணா. பேச்சு மூச்சு இல்லீங்ணா. ஆம்புலன்ஸு இன்னும் வரலீங்ணா."

"எப்பக் கூப்பிட்டீங்க?"

"நாங்க எங்கீங்ணா கூப்பிட்டோம்? கையில பட்டை போட்டிருக்காங்களே. அது கூப்பிட்டிருக்கும்னு அரை மணி நேரமா ரோட்டையே பாத்துட்டு நிக்கறோமுங்ணா."

மோகனவேல் என் மூன்று லாரிகளையும் வாங்கிக்கொண்டு, "போடா, போ" என்றான். ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். வழியெல்லாம் ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினேன். அவசரத்தில் விரல் வேறு வேறு எண்ணில் போய் விழுந்தது. அந்த எண்ணை நாலு வருடமாக யாருமே அழுத்தியதில்லை.

பண்ணை வாசலிலிருந்து நாலாம் ஷெட்டுக்கு ஓடினேன். முட்டி இருப்பதே தெரியவில்லை. இருபுறமும் கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்தன. ஷெட்டின் கடைக்கோடியில் தவமணி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தாள். பக்கத்தில் அட்டை கவிழ்ந்து, முட்டைகள் உடைந்து, மஞ்சள் கரு அவள் சேலை முந்தானை வரைக்கும் ஓடியிருந்தது. என் பட்டை அவள் கையில் அப்படியே இருந்தது. அவள் கழற்றவே இல்லை. நாடி நின்றதும், ஆள் கழற்றிவிட்டதாக அது நினைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் நெஞ்சு எத்தனை தடவை தவறித் துடித்து அதைத் தட்டியிருக்கும்? இது இவன் இயல்பு என்று அது சும்மா இருந்திருக்கும். நான் அப்படித்தானே குறித்துவிடச் சொன்னேன்.

அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். கன்னம் சூடாக இல்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எத்தனை தடவை என்று தெரியாது. என் நெஞ்சு விலா எலும்பை உடைத்துக்கொண்டு வெளியே வருகிற மாதிரி அடித்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது என் இடது கையில் பட்டை அதிர்ந்தது.

தவமணி, உங்கள் இதயத்துடிப்பு ஆபத்தான நிலையில் இருக்கிறது. அப்படியே உட்காருங்கள். ஆம்புலன்ஸ் வருகிறது.

ஒன்பது நிமிடம்கூட ஆகவில்லை. சைரன் வந்து வாசலில் நின்றது. ஒரு இளைஞரும் ஒரு பெண்ணும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடிவந்தார்கள்.

"தவமணி யாருங்க? தவமணி?"

எல்லோரும் என் மடியைக் காட்டினார்கள். அந்த இளைஞர் என்னை நகர்த்திவிட்டு மண்டியிட்டார். கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தார். கண் இமையை விலக்கிப் பார்த்தார். அவர் முகம் வாடியது. அந்தப் பெண் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணா, துடிப்பு இருக்கு! பட்டைல நல்லா ஓடுது. நூத்தி நாப்பத்தெட்டு!"

"கழுத்துல பிடிபடலையே."

"ஓடுதுண்ணா, பாருங்க! இப்பகூட ஓடுது!"

அவர் திரையை ஒரு பார்வை பார்த்தார். உடனே இரண்டு கையையும் கோத்துத் தவமணியின் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்களுக்கு உயிர் வந்தது. "உசுரு இருக்குதாம்! உசுரு இருக்குதாம்!" என்று செல்வராணி அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டாள். டேப்லெட்டில் தவமணி என்ற பேருக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு எழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருந்தது. நிற்கவே போவதில்லை என்பதுபோல உறுதியாக ஓடியது.

நான் பேசாமல் நின்றேன். நான் பேசாத வரைக்கும் அவள் அந்தத் திரையில் உயிரோடு இருந்தாள். ஒரு நிமிடம் இருக்குமா? நானும் அந்தக் கோட்டைப் பார்த்து, இருக்கிறாள், இருக்கிறாள் என்று எண்ணினேன். அது வேகம் எடுக்கும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை வந்தது. நம்பிக்கை வரும்போதெல்லாம் அது இன்னும் வேகம் எடுத்தது.

அவளுடைய விலா எலும்பு ஒன்று முறியும் சத்தம் கேட்டது.

"தம்பி, நிறுத்துங்க" என்றேன்.

"தள்ளுங்க சார், துடிப்பு இருக்கு. பொழைக்க வாய்ப்பிருக்கு."

"அது அவளுது இல்லீங்க, தம்பி. என்றது."

அவருக்குப் புரியவில்லை. அழுத்திக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் அபிநயா கேட்டபோது வந்திருக்க வேண்டிய வார்த்தை, அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது வந்திருக்க வேண்டிய வார்த்தை, அப்போதுதான் வந்தது. யாருக்கும் எந்த உபயோகமும் இல்லாத நேரத்தில் வந்தது. நான் என் இடது கையை நீட்டி, பட்டையின் கொக்கியைக் கழற்றினேன்.

டேப்லெட்டில் ஓடிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது. அந்தப் பெண் திரையை ஒரு தடவை தட்டிப் பார்த்தாள். இளைஞரின் கைகள் இன்னும் நாலைந்து முறை அழுத்திவிட்டு, மெதுவாக நின்றன. கோழிகளின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

தவமணியின் இடுப்பில் செருகியிருந்த அவளுடைய ஃபோன் மணியடித்தது. எடுத்துப் பார்த்தேன். நான் அனுப்பிய குரல் செய்தி கேட்கப்படாமல் அப்படியே இருந்தது. அதற்கு மேலே புதிதாக ஒன்று வந்திருந்தது.

தவமணி, உங்கள் பட்டை கழன்றிருக்கிறது. திரும்ப அணியவும்.